தேடப் போகும் படகுக்கு எண்ணெய் ஊற்றுவது யார்?

கிழக்கிலங்கையின் கோமாரிக் கரையில் ஒரு படகு நேரத்துக்குத் திரும்பவில்லையென்றால் முதலில் கிளம்புகிறவர் பக்கத்து வாடிக்காரர்தான். மறுநாள் தொழிலுக்கு வாங்கி வைத்த மண்ணெண்ணெயை ஊற்றி, இரண்டு பொடியன்களை ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளிவிடுகிறார். கல்முனைப் பக்கமென்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கூப்பிடும்.

எங்கள் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் ஒற்றை எஞ்சின். அது நின்றால், வாடைக் காலத்து நீரோட்டம் தெற்கே இழுத்துப் போய்விடும். கோமாரிக்கு நேரே வலை போட்டவரைப் பொத்துவிலுக்கு அப்பால் தேட வேண்டியிருக்கும். எந்தக் காற்றுக்கு எவ்வளவு தூரம் என்ற கணக்கெல்லாம் நம் ஆட்களுக்கு மனப்பாடம். உயிர்காப்பு அங்கி விஷயம் வேறு. அதைச் சுருட்டி அணியத்துக்குள் திணித்து, மேலே ஐஸ் பெட்டியை வைத்திருப்பார்கள்.

முதலில் கிளம்புகிறவர் பக்கத்து வாடிக்காரர் என்பதற்காகக் கடற்படையைக் குறை சொல்ல வரவில்லை. இலங்கையின் தேடல், மீட்புப் பொறுப்புக்குட்பட்ட கடற்பரப்பு நாட்டின் நிலப்பரப்பைப் போல 27 மடங்கு. 2022 டிசம்பரில் வடக்குக் கடலில் தத்தளித்த 104 ரோஹிங்கியரைக் கடற்படைதான் கரை சேர்த்தது. ஆனால் அந்தப் படகை முதலில் கண்டவர்கள் மீனவர்கள்.

பிரித்தானியாவில் இதே வேலையை 1824 முதல் ஆர்.என்.எல்.ஐ. என்ற அறநிறுவனம் செய்கிறது. மான் தீவில் கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பொறுக்காத வில்லியம் ஹிலாரி தொடங்கிவைத்தது. பெரும்பாலும் நன்கொடையில் ஓடுகிறது. இதுவரை 1,40,000 உயிர்களுக்கு மேல் காப்பாற்றியிருக்கிறது. படகில் போகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள், அவர்களிலும் கடல் தொழில் தெரிந்து வந்து சேர்கிறவர் பத்தில் ஒருவர்தானாம். மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் கடலுக்கு அனுப்புகிறார்கள். நம்மிடம் பத்துக்குப் பத்தும் கடலோடிகள். இல்லாதது நிதியும் ஒழுங்கும்.

“தேடப் போறதுக்கு ஆரு தம்பி காசு கேக்கிற?” என்று ஒரு படகுக்காரர் என்னிடம் சிரித்தார். பெரிய மனசுதான். ஆனால் மறுநாள் அவர் வீட்டு அடுப்புக்கு அந்த மனசு போதாது. அவர் கேட்கவில்லை என்பதாலேயே நாமும் கொடுக்காமல் இருந்துவிட்டோம்.

இந்த வாடை தொடங்குமுன் ஒவ்வொரு மீனவர் சங்கமும் ஒரு படகையும் நான்கு பெயரையும் குறித்து, ஒரு பீப்பாய் எண்ணெயைப் பூட்டி வைக்கட்டும். அந்தப் பீப்பாயை நிரப்பும் செலவைக் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊரைவிட்டு வெளிநாடு போன பிள்ளைகளும் பொறுப்பெடுக்க வேண்டும்.