வேலைக்குத் தடை போட்டோம்... தூக்கம்தான் போச்சு!

"படிக்கிற பையனுக்கு எதுக்கு வேலை? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

என் வீட்டுக்காரர் இப்படிக் கத்தியது போன வருஷம் ஆடி மாதத்தில். எங்கள் பையன் மதுரையில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறான். காலை ஷிஃப்ட். ஒன்றரை மணிக்கெல்லாம் வகுப்பு முடிந்துவிடும். "ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில பில் போட ஆள் எடுக்குறாங்கம்மா. அப்புறமும் வெச்சுக்குவாங்களாம். நாலு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும்தான்" என்று கேட்டான். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது!

"உத்தியோகம் பார்க்கிறவன் பிள்ளை கடையில நிக்கிறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார் என் மாமியார். எனக்கு அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அது நான் செய்த தப்பு.

ஆவணி பிறந்தது. முகூர்த்தம் வந்தாலே பையனுக்கு 'கம்பைண்ட் ஸ்டடி' வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் நண்பன் வீட்டுக்குப் போனால் ஞாயிறு காலையில்தான் வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்கால் கிழிந்து ரத்தத்தோடு வந்து நின்றான். சட்டையெல்லாம் சாம்பார் வாடை!

விஷயம் வெளியே வந்தது. கேட்டரிங் ஆட்களோடு சேர்ந்து கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போயிருக்கிறான். ராத்திரி ரிசப்ஷன் பந்தி முடியப் பன்னிரண்டு மணி. சாப்பாட்டு மேஜை மேலேயே மூன்று மணி நேரம் கண்ணசந்துவிட்டு, நாலு மணிக்கு முகூர்த்த டிபனுக்கு எழுந்திருக்கிறான். திரும்பி வரும்போது வண்டியிலேயே கண் சொக்கி, ரோட்டு நடுச்சுவரில் உரசியிருக்கிறான். எதிரே லாரி வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

கை ஓங்கிய அவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

"சொன்னேனேப்பா... ஆடி மாசமே சொன்னேனே."

அந்தப் பதிலுக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

இதைப் படிக்கிற பெற்றோரே, நாம் வேலைக்குத் தடை போட்டால் பிள்ளை வேலையை விட்டுவிடுவான் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் நடப்பது வேறு. நல்ல வேலையை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய மோசமான வேலைக்குப் போகிறான். மறைத்துச் செய்கிற வேலைக்கு நேரம் காலம் கிடையாது. பசித்தாலும் வீட்டில் சொல்ல முடியாது, காய்ச்சல் வந்தாலும் சொல்ல முடியாது.

தூக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 18 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு தினமும் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது நிபுணர்கள் கணக்கு. பகலில் படித்தது மனதில் நன்றாகப் பதிவதும் தூக்கத்தில்தான். இன்னொன்று தெரியுமா? 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிடுவதை 1997ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான்! காலை ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு வண்டி ஓட்டினால் அந்த நிலைமைதான். பிள்ளை குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் விடுவோமா?

அதற்காக அப்பாக்களின் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். கையில் காசு புரண்டால் படிப்பு கசக்கும், அரியர் விழும் என்பதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால், 'போகலாமா, கூடாதா' என்று சண்டை போடுவதை விட்டுவிட்டு, 'எத்தனை மணி நேரம்?' என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வகுப்பும் பஸ்ஸும் 7 மணி நேரம், வேலை 4, தூக்கம் 8. மிச்சம் 5 மணி நேரம். குளியல், சாப்பாடு, படிப்பு எல்லாம் அதற்குள். வேலை ஆறு மணி நேரமானால் அந்த இரண்டு மணி எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான்!

எங்கள் வீட்டில் இப்போது சில ஒப்பந்தங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் டீயும் பன்னும் இல்லை, சோறு. பரீட்சை மாதத்தில் லீவு. சம்பளம் அவனுடையது, ஆனால் எதற்குச் செலவழித்தான் என்று மறைக்கக் கூடாது. வேலை பார்க்கும் இடத்தை அப்பா ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

அவர் போனார். அதே ஜவுளிக்கடைதான். யாரும் சிரிக்கவில்லை. "நல்ல பையன் சார், கணக்குல ஒரு ரூபா பிசகாது" என்றாராம் முதலாளி. அதை மாமியாரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்!

எல்லாம் சுபம் என்று கதை விடமாட்டேன். அந்த செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர் ஆனது. ஆனால் அதை எங்களிடம் வந்து சொன்னது அவனேதான். இரண்டு மாதம் கடைக்குப் போகாமல் இருந்து, எழுதி முடித்தான்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் காலேஜ் போனதும் கேட்டா விடுவீங்களா?" என்றாள். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்த பாட்டி பாதியில் நிறுத்திக்கொண்டார். "முதல்ல பதினெட்டு முடியட்டும். அண்ணனுக்குப் போட்ட கணக்குதான் உனக்கும்" என்றேன். இந்தத் தடவை வாயைத் திறந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 'முடியாது' என்பதற்கு முன்னால், 'எத்தனை மணிக்குத் திரும்புவே?' என்று கேளுங்கள்.