வாரம் ஒரு சாயங்காலம் போதுமே!

மிளகாய் வத்தல் வித்த காசு டாஸ்மாக்குக்குப் போகுதேன்னு அழும் விளாத்திகுளம் சகோதரிகளுக்கு ஒரு விஷயம். 1935-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் ஆரம்பித்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப்பேரும் கேட்பதில்லை. குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' தனியாக உண்டு. (அவர் வராவிட்டாலும் நாம் போகலாம்!) உதவிக்கு அரசின் இலவச எண் 14446-ல் கேட்கலாம்.

கோயிலில் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பே வரலாம், உயிருக்கே ஆபத்து. கயிறு கட்டுமுன் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கூட்டத்துக்காகக் கோவில்பட்டி, தூத்துக்குடின்னு பஸ் ஏறினால் கூலிக்காரிக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. விளாத்திகுளத்திலேயே வாரம் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட அறை ஒன்றைத் திறந்துவிட அதிகாரிகள் முன்வருவார்களா?

— ஒரு வாசகி, விளாத்திகுளம்.