அழுக்குக்கும் ஆதாரம் வேணும்



இந்த வார எபிசோடில லொக் ஃபைல் பற்றிக் கனக்கக் கதைச்சம். முடிவில் நான், "பிளாஸ்டிக் பிளேனுக்கு அழுக்குப் பூசுறதும் லொக் எழுதுற வேலைதான்" எண்டு சொல்ல, நேரம் முடிஞ்சு போச்சு. மிச்சம் இங்கே.

என்னுடைய நிலைப்பாடு இதுதான்: மொடல் போர் விமானத்தில் நாங்கள் வைக்கும் ஒவ்வொரு கறையும் "இங்கே இது நடந்தது" என்று சொல்லும் ஒரு பதிவு. நடக்காததைப் பதிந்தால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது பொய் லொக்.

வேலை ஒழுங்கில் பெரிய இரகசியம் இல்லை. முதலில் பிரைமர், பிறகு எயார்பிரஷ்ஷால் அடி நிறம், அதுக்கு மேல மினுக்கமான வார்னிஷ், பிறகு டெக்கல். எண்ணெய் வர்ணத்தை வைற் ஸ்பிரிட்டில் தண்ணியாகக் கரைத்து, பனல் கோடுகளுக்குள் ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைப்பது 'வொஷ்'. ஸ்பொஞ்சுத் துண்டால் மெல்ல ஒற்றினால் பெயின்ற் உரிந்த அடையாளம் வரும். கடைசியில் மங்கலான வார்னிஷ். அளவில்தான் எல்லாரும் பிழை விடுறம். 1/72 மொடலில் 1 மில்லிமீற்றர் உரிவு, உண்மையான விமானத்தில் 7.2 சென்ரிமீற்றர். அப்படி முப்பது வைத்தால், ஒருநாளும் பராமரிக்காத விமானம் மாதிரி இருக்கும்.

எங்கட ஊரிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கு. எங்களில் பலர் கனடாவில் முதல் கால் வைத்த பியர்சன் விமான நிலையம் இருக்கும் இடம் மோல்ற்றன். இரண்டாம் உலகப் போரில் அங்கே விக்ரறி எயார்கிராஃப்ட் தொழிற்சாலை 430 லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. அதில் ஒன்று ஹமில்ற்றன் அருங்காட்சியகத்தில் இன்றும் பறக்கும் நிலையில் இருக்கிறது. லங்காஸ்ரரின் மேர்லின் எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலில் ஓடின. அதனால் புகைக்குழாய்களுக்குப் பின்னால், இறக்கை மேல் வெளிறிய சாம்பல் தடம் படியும். எல்லாத்துக்கும் கறுப்புப் பவுடர் அப்புகிறவர் எரிபொருளைப் பற்றி யோசிக்கவில்லை.

போருக்குப் பிறகு அதே தொழிற்சாலை அவ்ரோ கனடா ஆனது. 1957 ஒக்ரோபர் 4, ஸ்புட்னிக் ஏவப்பட்ட அதே நாள், வெள்ளை நிற அவ்ரோ அரோ அங்கேதான் முதன்முதல் வெளியே வந்தது. 1958 மார்ச் 25 முதல் பறப்பு. 1959 பெப்ரவரி 20 திட்டம் ரத்து. பறந்த ஐந்து விமானங்களையும் வெட்டிப் பழைய இரும்பாக்கினார்கள். ஐந்தும் சேர்ந்து வானில் இருந்தது ஏறக்குறைய 70 மணித்தியாலம்தான். ஆகவே வெயிலில் மங்கி, பெயின்ற் உரிந்து, எண்ணெய் வடியும் அரோவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த விமானம் பழசாக விடப்படவேயில்லை. அதன் கதையே அதுதான்.

"பொழுதுபோக்குத்தானே, விடப்பா" எண்டு சொல்லுவீங்கள். சரி. கற்பனை அரோ செய்யுங்கோ, கீழே "கற்பனை" எண்டு ஒரு துண்டு ஒட்டுங்கோ. சோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் நாங்கள் ஒரே அட்டவணையில் கலக்கிறேல்லைத்தானே?

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் எண்டால், அவ்ரோ எண்ட பெயரை நான் முதலில் கேட்டது கனடாவில் இல்லை. யாழ்ப்பாணத்தில். இங்கிலாந்தின் அவ்ரோ வடிவமைத்த 748 ஒரு போக்குவரத்து விமானம். போர்க்காலத்தில் அதிலிருந்தும் எங்கட ஊர்களில் குண்டு விழுந்தது. உறுமிக்கொண்டு மெல்ல வரும் பெரிய விமானத்தைச் 'சகடை' எண்டுவினம். சத்தத்தை வைத்தே எது வருகுது எண்டு சொல்லிப் பங்கருக்குள் ஓடின பிள்ளைகள் நாங்கள்.

போன மாதம் 1/144 அளவில் 748 ஒன்றை 3டி பிரிண்டரில் அச்சடித்து, மேல்பக்கம் முழுக்கப் பெயின்ற் அடித்து முடித்திருந்தேன். அம்மா வந்தா. கன நேரம் பார்த்தா.

"இது என்னடா?"

"அவ்ரோ, அம்மா."

"மேல்பக்கம் இப்பிடியே இருந்தது? நாங்கள் வயித்தைத்தானே பாத்தனாங்கள்."

நான் அதைத் திருப்பினேன். அடியில் வெறும் பிரைமர். தட்டில் நிற்கும்போது தெரியாத பக்கம் என்று கடைசிக்கு விட்டிருந்தேன். அடி என்ன நிறம் எண்டு கேட்டேன். "நிறம் ஆர் பாத்தது? கதவு திறந்திருக்கோ எண்டுதான் பாத்தனாங்கள்" எண்டா.

என்னிடம் இருக்கும் படங்கள் எல்லாம் ஓடுபாதையில், பக்கவாட்டில் எடுத்தவை. கீழேயிருந்து பார்த்தவர்களிடம் கமெரா இல்லை. ஊகித்து நாலு எண்ணெய்க் கோடு இழுத்திருக்கலாம். பார்க்கிற ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தரவுத்தளத்தில் தெரியாத இடத்தை வெறுமையாக விடுவோம், பூச்சியம் போட மாட்டோம். அடிப்பக்கத்தைப் பிரைமரோடேயே விட்டுவிட்டேன். கதவை மட்டும் கத்தியால் வெட்டித் திறந்து வைத்திருக்கிறேன். அதுக்கு அம்மா சாட்சி.

உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒரு விமானம் இருந்தால், ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. அடியில் என்ன பூசியிருக்கிறியள், எதை நம்பிப் பூசினியள் எண்டு இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கோ. அடுத்த எபிசோடில வாசிக்கிறம்.