முத்திரைக்கு முத்திரை வைப்பவர் யார்?

காகிதத்தின் மூலையில் வட்டமாய் ஒரு முத்திரை இருந்துவிட்டால் போதும். நம் ஜனங்களுக்குக் கேள்வி கேட்கும் எண்ணமே ஓடிப்போய்விடுகின்றது. அதை வைத்தவன் யார், வைக்கும் யோக்கியதையை அவனுக்குக் கொடுத்தவர் யார், அது எதுவரை செல்லும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாய் ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையைப் பாருங்கள். மோட்டார் வண்டிகளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஓர் இரும்பு உறுப்பு இவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஆய்வுக்கூடத்தின் காகிதந்தான் சாட்சி. அங்கு உழைக்கும் தொழிலாளி தன் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அறிவதும் ஒரு காகிதத்தைக் கொண்டுதான். எண் தப்பினால் மருந்து தப்பும். மருந்து தப்பினால் ஆள் தப்புவது கஷ்டம்.

ஆகவே, சோதிப்பவனையும் சோதிக்க ஓர் ஏற்பாடு வேண்டியிருக்கின்றது. இந்தியாவில் அதை நடத்துவது 1997-ல் ஏற்பட்ட இந்தியத் தரக் கவுன்சில். அதன் கீழ் ஆய்வுக்கூடங்களுக்கு என்.ஏ.பி.எல். என்ற வாரியமும், தொழிற்சாலைகளுக்குத் தரச் சான்றிதழ் வழங்கும் கம்பெனிகளுக்கு என்.ஏ.பி.சி.பி. என்ற வாரியமும் இருக்கின்றன. சோதனைக்கூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025, இரத்தம் முதலியவை பார்க்கும் மருத்துவக் கூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15189 என்பவை உலகப் பொது விதிகள். அந்தத் துறை அறிந்தவர்கள் நேரில் வந்து கருவி சரியா, செய்பவனுக்குப் பயிற்சி உண்டா, கணக்கு ஒழுங்கா என்று பார்க்கின்றார்கள். ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி, யாருடைய விடை விலகுகின்றது என்றும் பார்ப்பதுண்டு. எல்லாம் ஒத்துவந்தால், இன்னின்ன சோதனைகளுக்கு மட்டும், இன்ன தேதிவரை மட்டும் அங்கீகாரம் கிடைக்கும்.

சரி, அந்த வாரியத்தைச் சோதிப்பவர் யார் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17011 என்ற விதிப்படி பிற நாட்டு வாரியத்தார் வந்து இதைச் சோதிக்கின்றார்கள். என்.ஏ.பி.எல். உலக ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2000-ல். "நான் சொன்னேன், நம்பு" என்று சொல்லும் உரிமை இவ்வரிசையில் ஒருவருக்கும் இல்லை. கிலோவுக்கு மூலமாகப் பாரிஸ் அருகே வைத்திருந்த உலோகக் கட்டியைக்கூட உலகம் கும்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அதன் நகல்களோடு எடை ஒத்துவரவில்லை என்று கண்டு, 2019 மே 20 முதல் அதை விலக்கி, பிளாங்க் மாறிலி என்ற இயற்கை அளவைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள்.

நிற்க, இந்த அங்கீகாரம் எல்லாக் கூடங்களுக்கும் கட்டாயமல்ல. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் 8-ல், அச்சோதனையை அங்கீகாரம் பெற்ற கூடங்களிலோ, உலக சுகாதார நிறுவனம் அல்லது ஐ.சி.எம்.ஆர். ஒப்புக்கொண்ட அமைப்புகளிலோ செய்யவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. சில கடைகளில் "ஐ.எஸ்.ஓ. கொடுத்த சான்றிதழ்" என்று பலகை தொங்குகின்றது. ஐ.எஸ்.ஓ. விதி எழுதுகிறதே ஒழிய, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை!

ஆகையால் தோழர்களே, அடுத்த முறை காசு கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கீகார எண் என்ன? நான் செய்துகொள்ளும் இந்தச் சோதனை அதில் அடங்கியதா? தேதி முடிந்துவிட்டதா? வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அங்கீகாரம் பெற்றவனும் தவறு செய்யக்கூடும். ஆனால் அவன்மேல் முறையிட ஓர் இடம் இருக்கின்றது. கேட்பது அவமரியாதையல்ல. பதில் சொல்லவே அந்த முத்திரை ஏற்பட்டது. கேட்டால் கோபிக்கின்ற இடத்தில் கையை நீட்டி இரத்தம் கொடுக்காதீர்கள்.