மாராவிலும் டியானியிலும் நிலம் யாருடையது?

பயண முகவரிடம் போய்க் கென்யா என்று சொன்னால், கைக்கு வரும் திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மசாய் மாராவில் மூன்று இரவு, அதன் நடுவில் ஒரு மாலை 'பழங்குடி கிராமப் பார்வை', பிறகு சிறு விமானம் ஏறி டியானி கடற்கரையில் மூன்று இரவு. சிங்கத்துக்கும் கடலுக்கும் நாள் கணக்கில் ஒதுக்கியவர்கள், மனிதருக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரம். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். யாருடைய நிலத்தில் தங்குகிறோம், அவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டுத் திட்டத்தைத் தொடங்குகிறவருக்கு, காடும் கடலும் கூடுதலாகவே கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முள்வேலிக்கு வெளியே வண்டி நிற்கும். தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்ததும், சிவப்புப் போர்வை அணிந்த இளைஞர்கள் வரிசையாக நின்று பாடி, ஒவ்வொருவராக நின்ற இடத்திலேயே எம்பிக் குதிப்பார்கள். இரண்டு குச்சிகளைக் கடைந்து நெருப்பு மூட்டிக் காட்டுவார்கள். சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிய, குனிந்துதான் நுழைய முடிகிற வீட்டுக்குள் கூட்டிப் போவார்கள். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வெளியே வந்தால், தரையில் விரித்த துணியில் பாசிமணி மாலைகள் காத்திருக்கும்.

இதில் எதுவும் பொய் இல்லை. அந்த ஆட்டம் அவர்களுடையது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் அங்கே நிற்கும் பெண்கள். மசாய் மக்களிடையே வீடு கட்டுவது பெண்களின் வேலை. ஆனால் வந்தவர் பேசவும் நேரமில்லை, அவர்கள் கேட்கவும் நேரமில்லை. வசூலான பணத்தில் பெரும்பங்கு வண்டி ஓட்டி வந்தவர்களிடமே தங்கிவிடுகிறது என்ற புகாரும் மாராவில் பல காலமாக உண்டு.

இனி நிலத்துக்கு வருவோம். மாரா தேசிய வனவிலங்கு ஒதுக்கத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். விலங்குகளுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. கென்யாவின் வனவிலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூங்காக்களுக்கு வெளியே, கால்நடை மேய்க்கும் மக்களின் நிலங்களில்தான் வாழ்கின்றன. 1977 முதல் 2016 வரையிலான வான்வழிக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த ஜோசப் ஒகுட்டுவும் அவருடைய சகாக்களும், நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்கு எண்ணிக்கை சராசரியாக 68 சதவீதம் சரிந்திருப்பதாகக் கண்டார்கள். காரணங்களில் வேலியும் ஒன்று. கூட்டுப் பண்ணையாக இருந்த மசாய் நிலங்கள் தனித்தனிப் பட்டாவாகப் பிரிந்தபோது, ஆளுக்கொரு துண்டை வேலி போட்டு அடைப்பதும் விற்பதும் எளிதாயின. வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் மந்தை ஆண்டாண்டு காலமாக நடந்து வந்த தடத்தில் திடீரென்று கம்பி குறுக்கிட்டது.

அதற்கு அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து கண்ட ஏற்பாடுதான் கன்சர்வன்சி. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் தங்கள் துண்டுகளை வேலியில்லாமல் ஒன்றாக இணைத்து, முகாம் நடத்துவோருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைப் பணம் நிலக்காரரின் கணக்கில் நேரடியாக விழும்; அந்த மாதம் எத்தனை பயணிகள் வந்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடிக் குறைவதில்லை. மேய்ச்சலும் அடியோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பகுதியில் எப்போது மாடு மேயலாம் என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். மாரா ஒதுக்கத்தை ஒட்டிய நபோய்ஷோ கன்சர்வன்சியில் இப்படி 500-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலம் சேர்ந்திருக்கிறது. மாரா நார்த், ஓல் கின்யெய் ஆகியவையும் இதே வழியில் வந்தவை.

பயணிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், நிறையவே உண்டு. ஒதுக்கத்துக்குள் பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஓடக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது, நடக்கவும் முடியாது. கன்சர்வன்சியில் இரவு சஃபாரி உண்டு. ஆயுதம் ஏந்திய காவலரும் மசாய் வழிகாட்டியும் உடன்வர, காலையில் புல்வெளியில் நடக்கலாம். ஒரு சிங்கத்தைச் சுற்றி இத்தனை வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றங்கரையில், வில்டபீஸ்ட் மந்தை நீரில் இறங்குமா என்று பார்த்துக்கொண்டு வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும்.

அதைவிடப் பெரியது நடையின்போது கேட்கக் கிடைக்கும் பேச்சு. 2005-இல் கோயாக்கி வழிகாட்டிப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனத்தில் மசாய் இளைஞர்களும் இளம்பெண்களும் முறையாகப் பயின்று வெளிவருகிறார்கள். சிறு வயதில் மாடு மேய்த்த நிலத்திலேயே இன்று வழிகாட்டியாக நடப்பவர், கழுதைப்புலியின் தடத்தைக் காட்டும்போது எந்தச் செடி மாட்டுக்கு ஆகாது, எந்தப் பட்டையைச் சூப்பில் போடுவார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வார். பழங்குடிப் பண்பாடு என்று திட்டத்தில் தனியே ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே அங்கே எழாது.

கன்சர்வன்சி குறையில்லாத ஏற்பாடு அல்ல. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகையும் ஆண்கள் கைக்கே போகிறது. வீடு கட்டிய பெண்ணுக்கு வருமானம் என்றால் பாசிமணியும் முகாம் வேலையும்தான். 2020-இல் பெருந்தொற்றால் பயணிகள் வராமல் போனபோது பல இடங்களில் குத்தகையைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. இவை தெரிந்தும் இந்த வழியையே பரிந்துரைக்கக் காரணம், இங்கே நிலக்காரர் பேரம் பேசும் இடத்தில் இருக்கிறார் என்பதுதான். எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் ங்கொரொங்கொரோவில் நடப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். செரங்கெட்டியை விட்டு வெளியேறிய மசாய் மக்கள் 1959 முதல் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்ற ஏற்பாட்டில் இருந்த நிலம் அது. 2022 முதல் அரசு அவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ம்சொமெராவுக்குக் குடியேற்றி வருகிறது. 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சுற்றுலாச் சாலையிலேயே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தச் சாலையில் போகிற பயணிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது போவது? தமிழ்நாட்டில் பள்ளிக் கோடை விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்கள்தான் கென்யாவில் பெருமழைக் காலம். மாராவின் மண் கரிசல். நனைந்தால் ஜீப்பே வழுக்கி நிற்கும். கடற்கரையிலும் மழை, சில விடுதிகள் கதவடைத்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பொருத்தமானது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. மந்தை அப்போதும் மாராவில் இருக்கும், கடலும் இதமாக இருக்கும். செலவு கூடும்: மாரா ஒதுக்கத்தில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூனில் நாளுக்கு 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் பாதி, வானம் தெளிவு, கூட்டமும் குறைவு. சிங்கமும் யானையும் மந்தையோடு ஊர் மாறிப் போவதில்லை.

கன்சர்வன்சி முகாம்கள் மலிவானவை அல்ல. அதற்காக அவற்றைத் தவிர்ப்பதைவிட, அம்போசெலி, நக்குரு பூங்காக்கள் என்று ஒரு வாரத்தில் நான்கு இடம் பார்க்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. வண்டிக்கும் வாயில் கட்டணத்துக்கும் போகும் பணம் மிச்சமாகும்.

மாராவிலிருந்து கடற்கரைக்குச் சிறு விமானம் உண்டு. சுமை 15 கிலோவுக்குள், அதுவும் மடங்கக்கூடிய பையில். நேரம் இருப்பவர்கள் நைரோபிக்குத் திரும்பி ரயிலில் போகலாம். 2017-இல் ஓடத் தொடங்கிய மடாரக்கா எக்ஸ்பிரஸ் ஐந்தாறு மணி நேரத்தில் மொம்பாசா சேர்கிறது. வழியில் ட்சாவோ பூங்கா: செம்மண் புழுதியில் புரண்டு செங்கல் நிறமாகிப்போன யானைகளை ஜன்னலிலிருந்தே பார்க்க வாய்ப்புண்டு. அவை கடப்பதற்காகவே தண்டவாளத்தின் அடியில் உயரமான திறப்புகள் விட்டிருக்கிறார்கள். இதே தடத்தில் ஆங்கிலேயர் போட்ட பழைய ரயில்பாதைக்கு 1896 முதல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டு, சுமார் 2,500 பேர் மாண்டார்கள். 1898-இல் ட்சாவோவில் சிங்கங்களுக்கு இரையானவர்களிலும் பலர் அவர்களே.

டியானிக்கு வந்ததும் பலர் மனிதரை மறந்துவிடுகிறார்கள். வெண்மணல், பவளப்பாறை, படகு என்று மூன்று நாள் கழிந்துவிடும். விடுதிகள் முடிகிற தெற்குப் பக்கத்தில் காயா கினொண்டோ என்ற காடு இருக்கிறது. மிஜிகெண்டா என்னும் ஒன்பது இனங்களில் ஒன்றான டிகோ மக்களின் காடு அது. காயா என்பவை முன்பு காட்டுக்குள் அரண் அமைத்து வாழ்ந்த ஊர்கள். மக்கள் படிப்படியாக வெளியேறிய பிறகு முன்னோர் உறையும் இடமாகப் போற்றப்படுகின்றன. அவற்றை மூப்பர் குழுக்கள் காத்து வருகின்றன. சுள்ளி பொறுக்கவும் தயங்கும் நம் ஊர்க் கோயில்காடுகளை அறிந்தவருக்கு விளக்கமே தேவையில்லை. 2008-இல் யுனெஸ்கோ இக்காடுகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கினொண்டோவில் ஊர்க்காரரே வழிகாட்டி. இடுப்பில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். உள்ளிருந்து ஓர் இலையைக்கூட எடுத்து வரக் கூடாது.

எடுத்துப் போனதால் நேர்ந்தது என்ன என்பதை இதே கடற்கரை கண்டிருக்கிறது. மிஜிகெண்டாவில் இன்னோர் இனமான கிரியாமா மக்கள், இறந்துபோன பெரியவர்களுக்காக மரத்தில் செதுக்கிய நினைவுத் தூண்களை நடுவார்கள். 1985-இல் மானுடவியலாளர் மோனிக்கா உட்வார்டி ஒரு முதியவரை, அவர் தம் சகோதரர்களுக்காக நட்ட இரு தூண்களின் அருகில் படம் எடுத்தார். அதன் பிறகு விரைவிலேயே அவை திருடு போயின. பல ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க அருங்காட்சியகங்களில் அவை இருப்பதை உட்வார்டி அடையாளம் கண்டார். ஒன்று 2007-இல் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. அதற்குள் முதியவர் இறந்துவிட்டார். கடற்கரைக் கடையில் 'பழைய மரச்சிற்பம்' என்று யாராவது நீட்டினால் வாங்காமல் வந்துவிடுவதே முறை.

டியானிக்குத் தெற்கே காசி என்ற மீனவ ஊரில் பெண்கள் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகை நடைபாதை அமைத்து, கட்டணம் வாங்கி, நடத்திக் காட்டுகிறார்கள். அந்த ஊரின் மிக்கோக்கோ பமோஜா திட்டம் அலையாத்தியைக் காத்து, கார்பன் வரவை விற்று, அந்தப் பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறது; 2017-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு பெற்றது. அங்கே அரை நாள் கழித்தால், தேங்காய்ப்பாலில் வெந்த பயறும் சப்பாத்தியும் சாப்பிட்டுவிட்டு மாலையில் நீந்தத் திரும்பலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றில் தள்ளிப்போடக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள்; ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யா 2017-இலேயே தடை விதித்துவிட்டது.

முன்பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் கேட்க வேண்டியவை வேறு. முகாம் ஒதுக்கத்துக்குள்ளா, கன்சர்வன்சியிலா? நிலக்காரருக்குக் குத்தகை எப்படிப் போகிறது? வழிகாட்டி அந்த ஊர்க்காரரா? ஊருக்குள் போவதற்கான கட்டணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும்? நபோய்ஷோவிலோ மாரா நார்த்திலோ முகாம் நடத்துவோர் இவற்றுக்கு ஒரே மின்னஞ்சலில் பதில் எழுதிவிடுவார்கள். பதில் வராத திட்டத்தை விட்டுவிட்டு அடுத்த முகவரைப் பார்க்கலாம்.