நடுவில் நிற்கும் எண்

பனிச்சரிவில் மனிதர் மாண்ட செய்தி வரும்போதெல்லாம் 'இயற்கையின் சீற்றம்' என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. 1999 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் சிற்றூரில் மலையிலிருந்து தானே இறங்கி வீடுகளை மூடிய பனிக்கு அத்தொடர் பொருந்தலாம். ஆனால் பனிச்சறுக்கு மையங்களின் எல்லையைக் கடந்து, கண்காணிப்பற்ற சரிவுகளை நாடிச் சென்று இறப்போரைப் பற்றி அவ்வாறு சொல்வது பிழை என்றே கருதுகிறோம். ஆல்ப்ஸானாலும் வட அமெரிக்க மலைகளானாலும், இவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொன்ற சரிவைக் கிளப்பியவர் அவரே, அல்லது அவருடன் சென்றவர்.

மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருளாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. தெளிந்த, கடுங்குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் முளைக்கின்றன. அவற்றின்மேல் புதுப்பனி படிந்து, காற்று அதைப் பலகைபோல் இறுக்கிவிட்டால், நலிந்த அவ்வடுக்கு கண்ணுக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் உள்ளே கிடக்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் அதை முறிக்க ஒருவரின் எடையே போதுமானதாகிவிடலாம். முறிவு பக்கவாட்டில் ஓட, பலகை முழுவதும் பெயர்ந்து இறங்கும். புதையுண்டவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். மீட்புக் குழு வந்துசேர அந்நேரம் போதாது.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிகள் கொண்ட பொது அளவுகோலை ஏற்றன. அதன் மூன்றாம் படிக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'கணிசமானது' எனலாம். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறையப் பாதி இப்படி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே நிகழ்கிறது. நான்கும் ஐந்தும் அச்சமூட்டுவதால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றோ ஐந்தின் நடு. தேர்வு மதிப்பெண்களில் பழகிய மனம் அதை 'சுமார்' என்று வாசிக்கிறது. ஆனால் அப்படிகள் சம உயரமானவை அல்ல. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பலமடங்காக ஏறுகிறது. செங்குத்தான சரிவுகளில் ஒரே ஒருவர் காலடி வைத்தாலும் பனி பெயரக்கூடும் என்பதே மூன்றின் பொருள். ஒரு சொல்லின் தொனி உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அறியாமையே காரணம் என்றும் தள்ளிவிட முடியாது. 2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டன்னல் கிரீக் என்னுமிடத்தில் மூவர் இறந்தனர். அன்று அம்மலையில் இறங்கிய குழுவில் தேர்ந்த சறுக்கு வீரர்கள் பலர். அவ்விடத்தை நன்கறிந்தோரும் இருந்தனர். பழகிய இடம், உடன் வரும் வல்லுநர், முன்சென்றோரின் தடம் ஆகியவை விழிப்பை மழுங்கடிக்கின்றன என்பதை இயன் மக்கேமன் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளைக் கொண்டு விளக்கியிருக்கிறார். அத்தனை திறமைசாலிகள் நடுவே 'வேண்டாம்' என்று முதலில் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

இறந்தோரைக் குற்றவாளியாக்க நாம் இதை எழுதவில்லை. சீற்றம் என்று சொல்லிவிட்டால் கற்க எதுவும் மிஞ்சுவதில்லை. மனித முடிவு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த முடிவை மாற்றலாம். எண்ணோடு நின்றுவிடாமல், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம் என்று அதன்கீழ் எழுதியிருப்பதையும் வாசிக்க வேண்டும். குழுவில் மிக இளையவர் தயங்கினாலும் அனைவரும் திரும்பிவிடுவது என்று புறப்படுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.