பண்டாராயா மீனை நம்பாதீர்கள்!

ஈப்போவில் எந்த மீன் கடைக்குப் போய் "தொட்டியில் பாசி பிடிக்குது" என்று சொன்னாலும், ஒரு குட்டி மீனைப் பையில் போட்டுக் கொடுக்க வாய்ப்பு அதிகம். அதுதான் இக்கான் பண்டாராயா. மாநகர் மன்ற ஊழியர்கள் ஊரைச் சுத்தம் செய்வதுபோல் தொட்டியைச் சுத்தம் செய்யுமாம். அதனால் அந்தப் பெயர். வானொலியில் வளர்ப்பு மீன் பற்றிப் பேசினால் நேயர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்: "ஒரு பண்டாராயா போட்டால் சரியாகிவிடுமா?"

சரியாகாது. பாசி வளர வெளிச்சமும் உரமும் வேண்டும். உரம் போடுவது நாம்தான். மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் தண்ணீரில் கரைந்து நைட்ரேட், பாஸ்பேட்டாகச் சேர்கின்றன. கப்பி, டெட்ரா, ஏஞ்சல் என்று ஆசைக்கு இரண்டிரண்டு வாங்கிச் சின்னத் தொட்டியில் அடைத்தால் கழிவு இன்னும் கூடும். பண்டாராயாவும் தின்று கழிக்கிற மீன்தானே! வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, மற்ற மீன்களின் தீனிக்குப் போட்டிக்கு வரும். ஏஞ்சல், தங்கமீன் போன்றவற்றின் உடம்பில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சுவதும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். சன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் தேய்த்துவிட்டு, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

பாசியைக் கொல்லும் மருந்துகளில் கவனம் தேவை. செம்பு கலந்தவை இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொன்றுவிடும். புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் பாசிக்கோ மருந்தே வேண்டாம். சில வாரங்களில் தானாகக் குறையும்.

பண்டாராயாவால் வரும் பெரிய பிரச்சினை வீட்டுக்கு வெளியில் இருக்கிறது. விரல் நீளத்தில் வாங்கிய மீன் 40 சென்டிமீட்டர் வரை வளரும். தொட்டி கொள்ளாது. கொல்லவும் மனம் வராது. "ஆற்றிலாவது பிழைக்கட்டும்" என்று கொண்டுபோய் விடுகிறோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இங்கேயும் நன்றாகவே பிழைக்கிறது. உடம்பெல்லாம் கவசம்போல் இருப்பதால் இதைத் தின்னும் எதிரிகள் குறைவு. கரையைக் குடைந்து முட்டையிடுவதால் மண் சரிகிறது. சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் இன்று தூண்டில்காரர்களுக்கு இது பெரும் தலைவலி.

தோட்டத்தில் வளர்ந்த நம் அப்பா, தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். லம்பாம், செபாராவ் பிடித்த கதைகளை ஆசையாகச் சொல்வார்கள். அந்த மீன்கள் நம் பிள்ளைகளுக்கும் மிஞ்ச வேண்டாமா? கிந்தா ஆற்றிலோ பழைய ஈயக்குட்டையிலோ தொட்டி மீனை விடாதீர்கள். வளர்ந்த பண்டாராயா வீட்டில் இருந்தால், திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். இன்னும் வாங்கவில்லையா? முதலில் விளக்கு நேரத்தையும் தீனியையும் குறைத்து, மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள்.